வெந்நீர் சாரும் கல்மீனும்

கடலைப் பார்க்க வெந்நீரோடு போன ஒரே மனிதர், உலகத்திலேயே எங்கள் வெந்நீர் சார்தான். அதுவும் இரண்டு லிட்டர் பிளாஸ்க்கில்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூர் லாட்ஜில் எனக்குப் பக்கத்து அறைக்காரர். ஒரு கல்லூரி விலங்கியல் லேபில் மீன் பாட்டில்களுக்குக் காவல். ஒரு பாட்டிலில் கல்மீன் இருந்தது. பார்த்தால் பாசி பிடித்த கருங்கல். கடலடியில் அசையாமல் கிடக்கும். முதுகில் பதிமூன்று முள், அத்தனையும் விஷம்.

"சூட்டுலதான்ப்பா அந்த வெஷம் அடங்கும்" என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்வார். மீனை மிதிக்கக் கூடாதென்று காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார். பாண்டி பஜாரிலும் அதே நடைதான்.

"இங்க ஏது சார் மீனு?"

"பழக்கம் விட்டுப்போயிடும்ப்பா."

மாதம் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. அதிகம் சிரித்தவன் நான்தான்.

ஒரு ஞாயிறு மாலை அடையாறு முகத்துவாரம் போனோம். அவரைச் சீண்டுவதற்கென்றே பாறை ஓரத் தண்ணீரில் தொம் தொம்மென்று குதித்து நடந்தேன். நாலாவது குதியில் உள்ளங்காலில் ஆணி இறங்கிய மாதிரி ஒரு வலி. அலறினேன்.

குப்பத்து மீனவர் ஒருவர் ஓடி வந்தார். "கல்லுமீன மிதிச்சிட்டியா நைனா? ஆளையே தூக்கிடுமே அது!"

"செத்துடுவேனா சார்?"

"பேசாம இரு. நான் இருக்கேன்ல."

சார் மீனவரின் நண்டுச் சட்டியில் என் காலை வைத்து, பிளாஸ்க்கைத் திறந்தார். கொட்டியது ஆவி பறக்கும் டிகிரி காபி.

தினமும் பிளாஸ்க்கை நிரப்பித் தரும் லாட்ஜ் மெஸ் மாமா, 'பாவம், வெறும் வெந்நீரைத் தூக்கிண்டு அலையறாரே' என்று அன்றைக்குப் பார்த்தா இரக்கப்பட்டுக் காபியை ஊற்றித் தர வேண்டும்!

சார் ஒரு கணம் திகைத்தார். விரலை விட்டுச் சூடு பார்த்தார். "சூடுதானே முக்கியம்" என்று மொத்தத்தையும் ஊற்றினார். வலி மெல்ல இறங்கியது. ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரி வரை அந்தச் சட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் மூக்கைச் சுளித்தார். "என்னய்யா இது?"

"காபி, டாக்டர். சர்க்கரை கம்மி."

பிழைத்தேன். "இத்தனை வருஷம் தூக்கினதுக்கு ஒரு நாளாவது உதவிச்சே சார்!" என்றேன்.

"தினமும் வீணாப் போகணும்னுதான்ப்பா தூக்கினேன்" என்றார்.

இப்போதும் கடலில் காலைத் தேய்த்துத்தான் நடக்கிறேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வீடு திரும்பி, பிளாஸ்க்கில் ஆறிப்போன வெந்நீரைச் செடிக்கு ஊற்றும்போதெல்லாம் அந்த மனிதர் மேல் அப்படி ஒரு பாசம் பொங்குகிறது.