மஞ்சள் டேப் அண்ணாச்சியின் ஃப்ளாட்

ஒரகடம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், நாற்காலியே இல்லாத வீட்டில் நாற்காலியில் இடித்துக்கொள்ளாமல் சுற்றி நடக்கிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் மஞ்சள் டேப் அண்ணாச்சி.

கோவில்பட்டிக்காரர். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். தள்ளுவண்டி எங்கே நிற்க வேண்டும், குப்பைக்கூடை எங்கே இருக்க வேண்டும் என்று தரையில் மஞ்சள் டேப் ஒட்டிக் கட்டம் போடுவது தொழிற்சாலை வழக்கம். அங்கே வேலை பார்க்கிற நாங்கள் அந்த வழக்கத்தைத் தொழிற்சாலை கேட்டிலேயே விட்டுவிட்டு வருவோம். அண்ணாச்சி வீட்டுக்கும் கொண்டுவருவார். குன்றத்தூரில் நானும் அவரும் ஆறு வருடம் ஒரே அறையில் இருந்தோம். என் செருப்பு கட்டத்துக்கு வெளியே கிடந்தால் காலையில் அதன்மேல் சிவப்பு 'ரிஜெக்ட்' சீட்டு ஒட்டியிருக்கும்.

பிறகு ஒரகடத்தில் ஃப்ளாட் வாங்கினார். பிள்ளைகள் இல்லை, ஊரில் அவர் மனைவி செல்வி மதினி தனியாக இருந்தார்.

"வீடு ரெடியானதும் அவளைக் கூட்டிட்டு வந்துருவேம்லே" என்றார்.

அங்கேதான் பிடித்தது சனி. இன்டீரியர் டிசைனர் வைப்பதா, வேண்டாமா?

முதலில் வந்தவர் லேப்டாப்பைத் திறந்து, "ஃபால்ஸ் சீலிங் போட்டா ரிச்சா இருக்கும் சார்" என்றார்.

"இருக்கிற சீலிங் என்ன தப்பு பண்ணிச்சு தம்பி?"

அவர் போய்விட்டார். இரண்டாமவரிடம், மாதிரிக்கு ஒரு அலமாரிக் கதவைக் கொண்டுவரச் சொல்லி, ஐந்நூறு முறை திறந்து மூடினால்தான் ஆர்டர் என்றார். இருநூறு தாண்டுவதற்குள் அந்த மனிதர் கதவை விட்டுவிட்டே ஓடினார்.

டிசைனரே வேண்டாம் என்று, கட்டில், சோபா, ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் தானே தரையில் டேப் ஒட்டி இடம் குறித்தார். அளவெடுக்க வந்த உள்ளூர்த் தச்சர் திகைத்துப் போனார்.

"இன்னா சார், வூடு பூரா கோடு போட்டுக்கினு கீறே. சாமான் எங்க?"

"பாத்து வாரும்வே! அது சோபா, மிதிக்காதீரும்."

தச்சர் பதறிப்போய் வெறும் தரையைத் தொட்டுக் கும்பிட்டார். இப்படி மாதத்துக்கு ஒருமுறை டேப் இடம் மாறியது. இரண்டு தீபாவளி போயிற்று. அந்தக் கோடுகளுக்கு நடுவே அண்ணாச்சி பாயில் படுத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு டிசைனர் பெண் வந்தாள். அன்று நானும் இருந்தேன். அவள் லேப்டாப்பைத் தொடவே இல்லை.

"சார், உங்க வொய்ஃப் காய் நறுக்கறது நின்னுகிட்டா, உக்காந்தா? அவங்களுக்கு என்ன கலர் புடிக்கும்?"

அண்ணாச்சி கையிலிருந்த அளவுத் தாள்களைப் புரட்டினார். எதிலும் பதில் இல்லை. "கேட்டுச் சொல்லுதேன்" என்று மதினிக்கு ஃபோன் செய்து ஸ்பீக்கரில் போட்டு, அதே கேள்விகளைக் கேட்டார்.

"யாரு கேக்கா?" என்றார் மதினி.

"டிசைனர் பொண்ணு."



"ரெண்டு வருசமா நீங்க கேக்கலியே. வெறுந்தரைன்னாலும் பாய விரிச்சுப் படுத்திருப்பேன், வான்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா. இப்ப நான் வேலைக்குப் போற தையல் யூனிட்ட எம்பொறுப்புல விட்டிருக்காவ. பன்னெண்டு பொண்ணுங்க என்னை நம்பி இருக்காளுவ. இனி வரமுடியாது. எனக்காவ ஒண்ணும் செய்யாண்டாம்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு, கட்டிலுக்கான கோடுகளை மிதித்தபடி வெளியேறினாள். அண்ணாச்சி அளவுத் தாள்களை மடித்துக் கீழே வைத்தார்.

"நான் எல்லாம் ஒழுங்காத்தானலே செஞ்சேன்?" என்றார் என்னிடம்.

செய்தார்தான். ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. இத்தனை நாள் அவரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த நான்தான் கேட்டேன்.

"குன்றத்தூர் ரூமைக் காலி பண்ணிட்டு நான் இங்க வந்துரட்டா, அண்ணாச்சி?"

 பிறகு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரித் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒனக்கு எங்கலே படுக்கப் புடிக்கும்?"

நீங்கள் இருக்கிற வீட்டில் எங்கே என்றாலும் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. ஜன்னலோரம் என்று மட்டும் சொன்னேன்.