தலைவர் நாற்காலி

மனித குலம் கண்டெடுத்த சொற்களிலேயே மகத்தானது ‘எக்ஸ்பாட்’. அயல்நாட்டுக்குப் பிழைக்கப் போனவனை, அங்கே ‘வசிக்க வந்தவர்’ ஆக்கிவிடும் வல்லமை அதற்கு உண்டு. காப்பீட்டு நிறுவன உதவி மேலாளர் அப்படித்தான் உயர்ந்தார். அன்று மாலை அவர் வீட்டுக் கூடத்தில் எக்ஸ்பாட் சங்கத்தின் தொடக்க விழா. தலைவர், அவரே. சொற்பொழிவு, ‘எக்ஸ்பாட்: ஒரு சொல்லின் பிறப்பு’. பேசுபவர், அவரே.

அவர் மனைவிக்கு வேறு கவலை. அதே அயல்நாட்டு ஊரில் வேன் ஓட்டும் அவள் தம்பி, விடுமுறை நாளென்று அக்கா கையால் சாப்பிட வந்திருந்தான். லிஃப்ட் பழுது. மேலாளர் சொன்னபடி மடக்கு நாற்காலிகளை மாடி மாடியாகத் தூக்கி வந்து, வரிசையாகப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க ஒன்றில் உட்காரப் போனான்.

“மாப்ளே, அது மெம்பருக்கு,” என்றார் மேலாளர்.

அவள் கணவரைச் சமையலறைக்குள் இழுத்தாள். “அவனும் நாடு விட்டு வந்தவன்தானே?”

“அவன் தொழிலாளி. நான் எக்ஸ்பாட்.”

“ரெண்டு பேரும் ஒரே ஃப்ளைட்லதானே வந்தீங்க?”

“நான் ஜன்னலோரம். கூட்டம் முடியிற வரைக்கும் படிக்கட்டுல காத்து வாங்கட்டும்.”

“பரவாயில்லக்கா,” என்று கூடத்திலிருந்தே குரல் கொடுத்து, சிரித்தபடியே தம்பி வெளியே போனான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

உறுப்பினர்கள் வந்தார்கள். தலை நரைத்த பிறகும் இங்கே ‘தற்காலிகமாக’ இருப்பவர்கள். தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“நண்பர்களே! இது லத்தீன் வேர்! ‘எக்ஸ்’ என்றால் வெளியே. ‘பாட்ரியா’ என்றால் தந்தையர் நாடு. ஆதியில், சொந்த இடத்தைவிட்டுத் துரத்தப்பட்டவனைத்தான் இப்படிச் சொன்னார்கள்!”

“துரத்தப்பட்டவனா?” உறுப்பினரான கணக்காய்வாளர் ஒருவர் கலங்கிப்போனார். “என்னை மாலை போட்டுல்ல சார் அனுப்பினாங்க?”

“அது அந்தக் காலத்துத் தண்டனை சார். இன்னைக்கு அதுதான் அந்தஸ்து!”

கைதட்டலில் கூடம் அதிர்ந்தது. தலைவர் பூரிப்போடு உட்காரத் திரும்பினார். நாற்காலியைக் காணோம்.

“என் சேர் எங்க?”

மனைவி இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளோடு வாசலில் நின்றாள்.

“நல்லாப் பேசினீங்க. நீங்க சொன்ன ஆள் வெளிய படிக்கட்டுல இருக்கான். தலைவர் நாற்காலியை அவனுக்குப் போட்டுட்டேன். துரத்துறவங்களுக்கு லத்தீன்ல என்ன பேருன்னு அடுத்த கூட்டத்துல சொல்லுங்க.”