வேன் கூரையில் நான்கு ஓட்டைகள்

“புரியவில்லை” என்ற சொல் என் வாயில் வந்ததே இல்லை. மாணவர்கள் அதைச் சொன்னால் தட்டிக்கொடுப்பேன்; நான் சொல்லமாட்டேன். அந்தத் திமிரால்தான், குடியிருந்த வீட்டின் கூரையில் என் கையாலேயே நான்கு ஓட்டைகள் போட்டேன். (வீடு என்றால் ஒரு பழைய பள்ளிக்கூட வேன்.)

கோலார் தங்கவயலில் முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் ஆசிரியராக இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவி எஸ்தரும் பெங்களூரு ஈஜிபுராவில் வாடகைக்குக் குடிவந்தோம். வீட்டை இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொன்னதும் எனக்கு ஞானம் பிறந்தது. இனி வேனிலேயே வாழ்வது! வெள்ளைக்காரர்கள் வேனில் தோசைக்கல் முதல் தூங்கும் கட்டில் வரை வைத்து வாழும் காணொளிகளைக் கைபேசியில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்திருந்தேன்.

நண்பர் ஒருவரின் காலி மனையில் வேனை நிறுத்தினோம். பழைய கட்டில் பலகையில் படுக்கை, எவர்சில்வர் பேசினில் பாத்திரம் தேய்க்கும் தொட்டி, குழாய் வைத்த தண்ணீர் கேன், எஸ்தரின் புடவையில் ஜன்னல் திரை. எல்லாம் என் கைவேலை. வெளியாள் கை படக் கூடாது என்பது கொள்கை. (அலமாரிக் கதவு மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. அதுவும் என் கைவேலைதான்.)

அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்த எஸ்தர் இதற்கெல்லாம் சம்மதித்தது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்.

“மழை பேஞ்சி என் தலைமேல ஒரு சொட்டு வுழுந்துச்சின்னா, நான் ஷீலா வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். அப்புறம் நீங்க உங்க வேனோட குடும்பம் நடத்துங்க.”

ஷீலா எங்கள் மகள். பிரேசர் டவுனில் மூன்றாவது மாடியில், ஒழுகாத வீட்டில் இருக்கிறாள்.

மே மாதத் தூறல் ஒன்றில் கூரைத் தகடுகள் சேரும் இடம் கசிந்தது. எஸ்தர் காய்கறி வாங்கப் போயிருந்ததால் தப்பித்தேன். ஈரத்தைத் துடைத்துவிட்டு ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் மஞ்சுநாத் ஒரு பசை டப்பாவை எடுத்து வைத்து, தமிழில் விளக்க ஆரம்பித்தார். நான் தடுத்தேன். அரசு வேலைக்காகக் கன்னடத் தேர்வு எழுதித் தேறியவன் நான். (மூன்றாவது முறை.)

“பேடா, பேடா. கன்னட மாத்தாடி,” என்றேன் பெருந்தன்மையாக. வேண்டாம், கன்னடத்திலேயே பேசுங்கள் என்று.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நால்கூ கடெ சென்னாகி தொளீரி சார். ஆமேலெ ஹச்சி.”

ஆமேலெ என்றால் அப்புறம், ஹச்சி என்றால் தடவுங்கள். அது தெரியும். நால்கூ கடெ என்றால் நாலு பக்கம். அதுவும் தெரியும். தொளீரி? தமிழ்தானே! தொளை போடச் சொல்கிறார். நாலு இடத்தில் நன்றாகத் தொளை போட்டு, அப்புறம் பசையைத் தடவ வேண்டும்.

ஒழுகும் கூரையில் எதற்கு ஓட்டை என்று எந்த முட்டாளும் கேட்டிருப்பான். நான் படித்தவன், கேட்கவில்லை. வழியிலேயே ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். கூரை இரண்டு அடுக்கு. நடுவில் தண்ணீர் தேங்கியிருக்கும். அது ஆவியாக வழி வேண்டாமா? காற்றழுத்தம் சமமாக வேண்டாமா? காதைச் சந்தேகிப்பதற்குப் பதிலாக அறிவியலை வளைத்துவிட்டேன்.

மறுநாள் காலை டிரில்லோடு மேலே ஏறினேன்.

“இன்னாங்க பண்றீங்க மேல?” என்று கீழேயிருந்து கேட்டாள் எஸ்தர்.

“ரிப்பேர்! உனக்குச் சொன்னா புரியாது.”

நாலு மூலையிலும் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஆவியாகட்டும் என்று பசையை மாலைக்கு ஒத்திவைத்துவிட்டுச் சாப்பிட இறங்கினேன். மூன்று மணிக்கு ஆலங்கட்டியோடு மழை பிடித்தது.

முதல் ஓட்டை எஸ்தரின் தலையணைக்கு நேர் மேலே. இரண்டாவது அரிசி டப்பாவுக்கு. மூன்றாவது எங்கள் கல்யாணப் போட்டோவுக்கு. நான்காவது நான் படுக்கும் பக்கம். அதில் மட்டும் இலை வந்து அடைத்துக்கொண்டு ஒரு சொட்டுகூட விழவில்லை. (அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.) அவள் வேனுக்குள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் பையில் துணி அடுக்கினாள்.

“அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டான் எஸ்தர்!” என்று கத்திவிட்டு, கொட்டும் மழையில் ஓடினேன்.

அடுத்து நான் செய்ததுதான் உண்மையில் வெட்கக்கேடு. கடை நிறைய ஆட்கள் இருக்க, மஞ்சுநாத்தைப் பார்த்து, “ஓட்டை போடச் சொல்லி என் குடியைக் கெடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?” என்று கத்தினேன். என்னைவிட இருபது வயது சிறியவர் என்றாலும், அதுவரை அவரை நீங்கள் என்றே அழைத்திருந்தேன். அவர் கையில் இருந்த ஆணிப் பொட்டலத்தோடு விழித்தார்.

ஆட்டோ பிடிக்கப் பையோடு வந்த எஸ்தர் சத்தம் கேட்டு உள்ளே வந்தாள். “ஏனு ஹேளித்ரி இவரிகெ?” என்று அவரிடம் கேட்டாள். என்ன சொன்னீர்கள் இவருக்கு என்று. அவர் அதே வாக்கியத்தை அப்படியே சொன்னார்.

எஸ்தர் அங்கிருந்த பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிப்பு.

“தொளீரின்னா கழுவுங்கன்னு அர்த்தம்ங்க! ஆஸ்பத்திரில ‘கை தொளீரி, கை தொளீரி’ன்னு தெனம் நூறு வாட்டி சொன்னவ நானு. நல்லவேள, நீங்க என் வார்டுல பேஷன்ட்டா வரல!”

கடையே சிரித்தது. மஞ்சுநாத் மட்டும் சிரிக்கவில்லை. மழை விட்டதும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, எண்ணெய் டின் ஒன்றையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தார். கூரையைத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, டின்னை நான்கு துண்டாக வெட்டி ரிவெட் அடித்து, விளிம்பெல்லாம் பசை தடவினார். கசிந்த இடத்தையும் அடைத்தார். வெளியாள் கை பட்ட பிறகுதான் அந்த வேன் வீடானது.

அவர் இறங்கி வந்ததும், “நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க,” என்றேன். தமிழில்தான்.

“பிடி சார், பிடி,” என்றார் அவர்.

கன்னடத்தில் அதற்கு விடுங்கள் என்று பொருள். பஸ்ஸில் தினமும் கேட்கிற சொல். எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் அந்த ஒரு முறை வேண்டுமென்றே தமிழாக எடுத்துக்கொண்டு, பசை ஒட்டிய அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் உடனே விடுவித்துக்கொள்ளவில்லை.

எஸ்தர் பையைப் பிரித்து, ஈரத்துணிகளைக் கொடியில் போட ஆரம்பித்தாள்.

இது எங்களுக்கு வேனில் இரண்டாவது மழைக்காலம். ஒரு சொட்டும் விழவில்லை. டிரில் எஸ்தரின் துணிப்பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் இரண்டு தட்டுகளையும் என் கையில் கொடுத்து, “தொளீங்க,” என்பாள். நான் தொட்டியை நோக்கி நகர்வதற்குள் பின்னாலிருந்து மறுபடி அவள் குரல் வரும்:

“கன்னடத்துல!”