வால்யூம் அண்ணாச்சி கொஞ்சம் குறைத்தார்

கோவில்பட்டியில் எங்கள் சபையார் பாஸ்டருக்குப் பயந்ததைவிட வால்யூம் அண்ணாச்சியின் இரண்டு விரல்களுக்குத்தான் அதிகம் பயந்தார்கள். ஆலயத்தின் கடைசி மூலையில், மைக்செட் பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பேர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல மைக் பிடிக்கிறவர் தடம் மாறினால், அண்ணாச்சி அந்த இரண்டு விரல்களால் திருகிச் சத்தத்தைக் குறைத்துவிடுவார். அடியோடு அணைக்க மாட்டார். அது அன்பில்லாத காரியமாம். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர், தான் ஆலயத்துக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்ததைச் சொல்ல எழுந்தார். முதல் 'நான்' கணீரென்று கேட்டது. ஐந்தாவது 'நான்' எங்கோ தள்ளியிருக்கும் பசுவந்தனை ஊரிலிருந்து வந்த மாதிரி இருந்தது. பாஸ்டரே ஒருநாள், ஆலயத்துக்கு வராதவர்களைத் திட்டு திட்டென்று திட்டினார். வந்திருந்த எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஆளைத் தேடி வருவார். "நான்தான் குறைச்சேன். அந்த இடம் வேண்டாம்னு தோணுச்சு. கோவப்படாதிய."

எனக்கும் ஒரு நாள் வந்தது. கரிசல் காட்டைப் பங்கு பிரித்ததில் எனக்கும் என் அண்ணனுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து சுகமாகி வந்த வாரம், நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தேன். மூன்றாவது வரிசையில் அண்ணனைப் பார்த்ததும் நாக்கு புரண்டுவிட்டது. "பெத்த தாய எட்டிக்கூடப் பாக்காத சிலபேரு..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சபை சிரித்தது. அண்ணன் பக்கத்து ஆளிடம், "என்ன சொல்லுதான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு, நேரே மூலைக்குப் போனேன்.

"எம் மானத்த வாங்கிட்டியளே, அண்ணாச்சி."

"நீங்க சொன்னது சாட்சியில்ல, தம்பி. ஒங்க அண்ணன் மேல புகாரு. அத அவிய வீட்டுக்குப் போயி, அவியகிட்ட மட்டும் சொல்லணும்."

"அப்போ எங்கிட்ட சொல்ல வேண்டியத எங்கிட்ட மட்டும்லா நீங்க சொல்லிருக்கணும்? ஊரே சிரிச்சிட்டுதே."

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "வாஸ்தவந்தான். இத்தன வருசமா இத யாரும் எனக்குச் சொல்லல" என்றார்.

அவரிடம் அவ்வளவு நியாயம் பேசிவிட்டு நான் சும்மா இருக்க முடியுமா? அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போய், ஏன் அம்மாவைப் பார்க்க வரவில்லை என்று தனியாகக் கேட்டேன்.

"தெனமும் வந்தேம்லே. மேல நீ இருக்கேன்னு நர்சு சொல்லும். கீழ நின்னு விசாரிச்சிட்டு வந்துருவேன்" என்றான். காலையில் நான் சொல்ல வந்ததில் பாதி அவன் காதில் விழாமல் போனதற்கு அப்போதுதான் கர்த்தரை மனதார ஸ்தோத்திரித்தேன்.

அடுத்த ஞாயிறு வால்யூம் அண்ணாச்சி என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். "நான் தடம் மாறினா குறைச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாக மைக் முன்னால் போய் நின்றார். "ஒங்கள எல்லாரு முன்னாலயும் வெக்கப்பட வச்சிட்டேன். மன்னிச்சிருங்க. இனிமே தனியா வந்து சொல்லுதேன்." குரல் லேசாகத்தான் வந்தது.

மூன்றாவது வரிசையிலிருந்து அண்ணன் திரும்பி, சத்தத்தைக் கூட்டு என்று எனக்குக் கை காட்டினான். நான் திருகினேன், முழுசாக. தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டுமே, இப்படி ஒரு மனுஷன் எங்களுக்கு இருக்கிறார் என்று.