ஏழு மிளகும் என் மாமியாரின் சர்க்கரையும்

ஒரு குடும்பத்தில் 'விவரம் தெரிந்தவர்' என்று ஒருவர் பெயரெடுத்துவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு வேறு வியாதியே வேண்டாம். எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான். கொல்லிமலைச் செம்மேட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் விண்ணப்பம் போட்டுத் தருபவனுக்கு உலகத்தில் தெரியாததே இல்லை என்று அதே மலையில் வளப்பூர் நாட்டுக் கிராமத்திலிருக்கும் என் மனைவி வீட்டார் நம்பினார்கள். (நானும் நம்பினேன். அதுதான் பிரச்சினை.)

கல்யாணமான புதிதில் சொந்தக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, நானே அட்மின் ஆனேன். ஒரு காலை எங்கிருந்தோ ஒரு தகவல் வந்து விழுந்தது: 'வெறும் வயிற்றில் ஏழு மிளகு மென்று தின்றால் சர்க்கரை நோய் ஓடிவிடும். மாத்திரையே வேண்டாம்.' எழுதியவர் பெயரில்லை, ஊரில்லை. ஆனால் மிளகு இருந்தது! மரத்துக்கு மரம் மிளகுக் கொடியை ஏற்றிவிட்டு, விலை எப்போது ஏறும் என்று பார்த்திருக்கும் ஊர்க்காரனுக்கு அது போதாதா? பெருமை தலைக்கேறி, கீழே இரண்டு வரி நானே சேர்த்தேன்: 'சித்தர்கள் வாழ்ந்த நம் கொல்லிமலை மிளகுக்குத்தான் இந்தச் சக்தி. அனுபவத்தில் கண்ட உண்மை.'

யாருடைய அனுபவம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் வரிசையாகக் கைகூப்பினார்கள்.

நான்கே நாளில் அதே தகவல் அடிவாரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மூலம் எனக்கே திரும்பி வந்தது. இப்போது தலைப்பு, 'கொல்லிமலைச் சித்தர் அருளிய ரகசியம்'. (என் இரண்டு வரிகளும் அப்படியே இருந்தன. எழுதியவனே கவனிக்கவில்லை.) "பாத்தியா, சித்தரே சொல்லியிருக்காரு" என்று மனைவியிடம் காட்டினேன்.

"சித்தருக்கு வாட்ஸ்அப் யாருங்க போட்டுக் குடுத்தது?" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மாமனார் போன் செய்தார். "மாப்ள, உங்க அத்தைக்கு நிக்கவே முடியலீங்க. தண்ணி தண்ணிங்கறா, தலை சுத்துதுங்கறா. பஸ்ல கூட்டியாறேனுங்க."

பஸ்ஸிலிருந்து இறங்கிய அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிவரை நடந்தார். விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்த்த நர்ஸம்மாவின் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்கம்மா, மாத்திரை சாப்பிடறீங்களா இல்லீங்களா?"

"அதை உட்டுப் பத்து நாளாச்சுங்க. இப்ப ஏழு மிளகுதானுங்க."

"யாரு சொன்னாங்க?"

அத்தை அந்த மயக்கத்திலும் பெருமையாக என்னைக் காட்டினார். "எங்க மாப்ளைங்க. அனுபவத்துல கண்டவருங்க."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். "உங்களுக்குச் சர்க்கரை இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"மிளகாவது தின்னு பாத்தீங்களா?"

"ரசத்துலதானுங்க."

மாமனார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "நெசமா பொய்யான்னு எங்களை ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்னங்க? உங்க கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் எட்டி நடந்தா அஞ்சு நிமிசம்" என்ற நர்ஸம்மா, தன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி அத்தையின் கையில் திணித்தார். "இனிமே யாரு என்ன அனுப்புனாலும் எனக்கு ஒரு போன் போடுங்கம்மா."

அத்தைக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணைத் திறக்காமல் போயிருந்தால்? என் வீண் ஜம்பத்துக்கு ஒரு நல்ல மனுஷியைக் காவு கொடுக்கப் பார்த்தேனே என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை அவர் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதுங்க மாப்ள" என்றபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

உடனே குரூப்பில், 'நான் அனுப்பியது பொய். யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்று எழுதினேன். இதற்கு ஒரு கைகூப்பும் வரவில்லை. ஒரு சித்தப்பா மட்டும், 'சித்தர் சொன்னதை மறுக்க நீ யாரு?' என்று கேட்டார். வேறு வழியில்லாமல் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுத் திட்டு வாங்கினேன்.

குடும்ப விசேஷங்களில் இன்றும் சொல்லிச் சிரிப்பது இதற்கு அடுத்த வருஷம் நடந்ததை. என் மனைவிக்குக் குறித்த நாளுக்கு முன்பே வலி கண்டுவிட்டது. அத்தை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். பிரசவ அறை வாசலிலிருந்து கூப்பிட்டேன்.

"அத்தை, பொண்ணு பொறந்திருக்குதுங்க! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"



"ரொம்பச் சந்தோசமுங்க மாப்ள" என்றார் அத்தை. "போனை வையுங்க. எதுக்கும் நர்ஸம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்கறேனுங்க."