செண்டோலும் தனிநபர் தரவுச் சட்டமும்

தன் வீட்டில் சட்டத்தின் ஆட்சியை நிலைநாட்டிவிடுவது என்று திருச்செல்வம் முடிவு கட்டினார். கிள்ளானில் அவர் குடியிருந்த அந்த வீட்டில் கல்யாணமான நாள் முதல் நடந்துவருவது மனைவி லோகேஸ்வரியின் ஆட்சி. எதிர்க்கட்சி கிடையாது. தேர்தல் கிடையாது. சாப்பாடு மட்டும் நேரத்துக்குக் கிடைக்கும்.

திருச்செல்வத்துக்குப் பக்கத்து ஊரான மேருவில் ஒரு டயர் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. அது வயிற்றுப்பாட்டுக்கு. அவருடைய உண்மையான தொழில் கருத்துச் சொல்வது. நிலவில் தண்ணீர், ஓட்டுநர் இல்லாத கார், கட்டுரை எழுதும் கணினி, சமூக ஊடகத்துக்கு வயது வரம்பு என்று எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு கருத்து சுடச்சுட இருக்கும். செய்தியின் தலைப்பைப் படிப்பார். கீழே இருப்பதைப் படிக்க மாட்டார். கீழே இறங்கினால் கருத்து கெட்டுவிடும் என்பது அவர் கட்சி.

இந்தக் கருத்துகளைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. ஆகவே சனிக்கிழமை தோறும் கொமியூட்டர் ரயிலேறித் தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போவார். அங்கே அவருடைய நண்பர் சின்னையா கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கடை வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிதான் திருச்செல்வத்தின் மேடை. அங்கிருந்து நாலு கடை தள்ளி ஒரு செண்டோல் வண்டி. துருவிய ஐஸ், தேங்காய்ப்பால், பச்சை மாவுக் கீற்று, எல்லாவற்றின் தலையிலும் பழுப்பாக வழியும் குலா மலாக்கா வெல்லப்பாகு. கருத்துச் சொல்லித் தொண்டை வறண்ட மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

அது வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சர்க்கரை ஏறிவிட்டதாம். டாக்டர் சொன்னதை மறப்பது திருச்செல்வத்துக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் அதே கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்து, நோயாளிகளின் பேரைக் கூப்பிட்டு மருந்து கொடுப்பவள் லோகேஸ்வரி. அவள் மறக்கிற ஜாதி இல்லை.

போதாக்குறைக்கு, வேலைக்காகப் பினாங்குக்குப் போன மகள் போகிற போக்கில் இருவர் போனிலும் இருப்பிடம் காட்டும் வசதியைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அன்றிலிருந்து லோகேஸ்வரியின் போனில் திருச்செல்வம் ஒரு நீலப் புள்ளி. முதல் கரண்டி செண்டோல் வாய்க்குப் போகும்போது சொல்லிவைத்தாற்போல் போன் அடிக்கும்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"சின்னையா கடையில."

"புள்ளி நாலு கடை தள்ளி நிக்குதே."

"சேட்டிலைட் லா. கொஞ்சம் முன்னப்பின்னத்தான் காட்டும்."

"அப்ப சேட்டிலைட்டுக்குத்தான் சர்க்கரை ஏறப்போகுது. கிண்ணத்தைக் கீழ வைங்க."

இப்படி எத்தனை கிண்ணங்களைத்தான் ஒரு மனிதன் கீழே வைப்பான்? இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை பேப்பரில் அந்தத் தலைப்பு அவர் கண்ணில் பட்டது. தனிநபர் தரவு: ஒப்புதல் அவசியம்.

"படிச்சியா சின்னையா? ஒருத்தனோட தகவலை அவன் ஒப்புதல் இல்லாம யாரும் வச்சிருக்கக் கூடாது. சட்டமே இருக்கு."

"முழுசாப் படிச்சீங்களாண்ணே?"

"தலைப்புலயே எல்லாம் இருக்கு."

"உங்களுக்கு என்ன, புள்ளி தெரியக் கூடாது. அவ்வளவுதானே? போனைக் குடுங்க. ஒரு பட்டனை அமுக்கினா முடிஞ்சிச்சு."

"பட்டனை அமுக்குறவன் திருட்டுப் பய. சட்டம் பேசுறவன் குடிமகன்."

"சட்டத்தை யார்கிட்டண்ணே பேசப்போறீங்க?"

"லோகாகிட்ட."

சின்னையா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். நண்பரை மேலும் கீழும் பார்த்தார். "போய்ட்டு வாங்கண்ணே," என்றார். ஆபரேஷனுக்குப் போகிறவரை வழியனுப்பும் குரல் அது.

அன்று சாப்பாட்டு மேசையில் சப்பாத்தியும் வெண்டைக்காயும் இருந்தன. திருச்செல்வம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லோகா, நம்ம நாட்டுல தனிநபர் தரவுச் சட்டம்னு ஒண்ணு இருக்கு."

"ஆமா, இருக்கு."

"நான் எங்க போறேன், எங்க நிக்கிறேன், இதெல்லாம் என்னோட தரவு. நீ அதை என் ஒப்புதல் இல்லாம வச்சிருக்கே."

"ஒப்புதல் இல்லையா?"

"இருந்துச்சு. இப்ப வாபஸ் வாங்கிட்டேன்."

சண்டை வரும் என்று எதிர்பார்த்திருந்தார். ரயிலில் வரும்போதே பதில்களை அடுக்கி வைத்திருந்தார். லோகேஸ்வரியோ நிதானமாக வெண்டைக்காயைப் பரிமாறினாள்.

"மேப்பு மட்டுமா, இல்ல உங்களைப் பத்தின எல்லாமேவா?"

அந்த இடத்தில் மேப்பு மட்டும் என்று சொல்லியிருந்தால் திருச்செல்வம் இன்றைக்கும் நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் கேள்வி கேட்டால் பெரிதாகத்தான் பதில் சொல்ல வரும் அவருக்கு.

"சட்டத்துல பாதி, முக்கால்னு கிடையாது. எல்லாமே."

"எல்லாத்தையும் அழிச்சிடணும்?"

"அழிச்சிடணும்."

"யார் கேட்டாலும் சொல்லக் கூடாது?"

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

"சரிங்க." அவள் போனை எடுத்து இரண்டு தட்டு தட்டினாள். நீலப் புள்ளி காணாமல் போனது. "இன்னொரு சப்பாத்தி வைக்கவா?"

இவ்வளவு சுலபமாகச் சுதந்திரம் கிடைத்த நாடு உலகத்தில் எங்கேயும் இல்லை என்று நினைத்துக்கொண்டு திருச்செல்வம் இன்னொரு சப்பாத்தி சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலையில் சட்டம் அமலுக்கு வந்தது.

"லோகா, என் கண்ணாடி எங்க?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"எப்பவும் உனக்குத்தானே தெரியும்."

"தெரிஞ்சிருந்துச்சு. அழிச்சிட்டேன்."

கண்ணாடி இல்லாமல் கண்ணாடியைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பிறகு கார் சாவி. பிறகு பழுப்புச் சட்டை. பிறகு காருக்குக் கட்டிய சாலை வரி, அந்த ரோட்டெக்ஸ், எப்போது முடிகிறது என்ற கேள்வி. எதைக் கேட்டாலும் லோகேஸ்வரி கோபப்படவில்லை. கிளினிக் கவுண்டரில் பேசுகிற அதே பதமான குரலில், "அது உங்க தரவுங்க," என்றாள்.

வார நடுவில் ஒரு கல்யாண விருந்து. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் வாயெல்லாம் பல்லாக வந்து திருச்செல்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த மாதிரி சமயங்களில் லோகேஸ்வரி காதோரம் பேரையும் உறவையும் முணுமுணுத்துவிடுவது வழக்கம். திருச்செல்வம் காதைச் சாய்த்தார். ஒன்றும் வரவில்லை.

"யாரு இவரு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"உங்க சொந்தக்காரர் யாருங்கிறது உங்க தரவுங்க."

வேறு வழியில்லாமல் அந்தப் பெரியவரை 'பாஸ்' என்று கூப்பிட்டுக்கொண்டு, செயற்கை அறிவைப் பற்றி விருந்து முடியும்வரை கருத்துச் சொன்னார். அவர் தன் சொந்தத் தாய்மாமன் இராமலிங்கம் என்பது காரில் ஏறும்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. மாமாவுக்கு மனசு ஆறியிருக்காது. ஆனாலும் திருச்செல்வம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். சனிக்கிழமை வந்துகொண்டிருந்ததே.

சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் நல்ல வெயில். போனைச் சத்தமில்லாமல் செய்து பைக்குள் போட்டார். வண்டிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று ஒரு கிண்ணம் செண்டோல் சாப்பிட்டார். கேட்பாரில்லை. உடம்பெல்லாம் குளிர்ந்து, கண் தானாக மூடிக்கொண்டது. அப்படி ஒரு சந்தோஷம். இரண்டாவது கிண்ணமும் வாங்கினார். அது முதல் கிண்ணம் மாதிரி இல்லை. யாரும் கீழே வைக்கச் சொல்லாத செண்டோலில் என்னவோ குறைந்தது. ஐஸ் குறைவு என்று கடைக்காரரிடம் கருத்துச் சொல்லிவிட்டு ரயிலேறினார்.

வீட்டு முனை திரும்பியதும் கால் நின்றுவிட்டது. கேட்டுக்கு வெளியே கார்கள் வரிசையாக நின்றன. வாசல் முழுக்கச் செருப்பு. ஒரு வீட்டு வாசலில் இவ்வளவு செருப்பு கிடந்தால் ஒன்று பூஜை, இல்லையென்றால் சாவு. பூஜை எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். "லோகா," என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினார்.

லோகேஸ்வரி தட்டில் தேநீர் வைத்துக்கொண்டு நின்றாள். கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். மேசையில் ஆரஞ்சு, பிஸ்கட்டு டின், மைலோ, கோழிச் சாற்றுப் புட்டிகள். நடு சோபாவில் செராஸிலிருந்து வந்த அவருடைய அக்கா வீரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் அழுகை பெரிதானது.

"உன்னை எப்ப விட்டாங்க? யாரு கூட்டிட்டு வந்தா?"

"எங்கேயிருந்து விட்டாங்க?"

"ஐசியுவுலருந்துதான்."

அக்காவே மூச்சு வாங்க விளக்கினார்.

"காலைலேருந்து போன் பண்றேன், நீ எடுக்கல. லோகாவுக்குப் பண்ணேன். தம்பி எங்கன்னு கேட்டேன். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல அண்ணின்னுச்சு. உடம்புக்கு என்னன்னு கேட்டேன். அதையும் சொல்லக் கூடாது அண்ணின்னுச்சு. டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டா, அவரோட ஒப்புதல் இல்லாம முடியாதுங்குது. அனுமதி, ஒப்புதல், டாக்டர். நான் என்னத்தை நெனைக்கிறது? அதான் எல்லாருக்கும் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

ஒரு மூலையிலிருந்து தாய்மாமன் இராமலிங்கம் தலையை ஆட்டினார். "எனக்கு அன்னிக்கே சந்தேகம். கல்யாணத்துல என்னையே பாஸுன்னு கூப்பிட்டான். மூளைக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

"லோகாதான் இங்க இருந்துச்சே. அது முகத்தைப் பார்த்தா தெரியலையா அக்கா?"

"அது அழாம டீ ஆத்திட்டு இருந்துச்சு. பாவம், அதிர்ச்சியில இருக்குன்னு நாங்கதான் அழுதோம்."

திருச்செல்வம் மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொன்னதையெல்லாம் அவர்தான் சொல்லச் சொல்லியிருந்தார்.

"சரி, இவ்வளவு நேரம் எங்கதான் போயிருந்தே?" என்றார் அக்கா.

"கோயிலுக்கு."

வீரம்மா எழுந்து கிட்டே வந்தார். தம்பியின் சட்டைப் பைக்குக் கீழே பழுப்பாக ஒரு கறை. விரலால் தொட்டு மோந்து பார்த்தார். அழுகை சட்டென்று நின்றது.

"செண்டோல்."

நோயாளிக்கென்று கோழிச் சாற்றுப் புட்டி வாங்கிவந்தவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"போனை எடு," என்றார் வீரம்மா. "இனிமே உன் புள்ளி குடும்ப வாட்சப்புல எல்லாருக்கும் தெரியணும். செராஸ்ல எனக்கும் தெரியணும், மாமாவுக்கும் தெரியணும்."

"வற்புறுத்தக் கூடாது அண்ணி," என்றாள் லோகேஸ்வரி. "அவரா மனசார ஒப்புதல் குடுக்கணும். அதுதான் சட்டம்."

எல்லோரும் திருச்செல்வத்தைப் பார்த்தார்கள். அவர் மனசார ஒப்புதல் கொடுத்தார்.

கார்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, காலிக் கோப்பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் அவர் சட்டத்தைக் கடைசியாக ஒரு முறை எடுத்தார். "ஒரு புள்ளியைக் கேட்டதுக்கு இத்தனையும் தேவையா? சட்டப்படி இது நியாயமா?"

"சட்டப்படியா? வீடு, குடும்பத்துக்காக ஒருத்தர் வச்சிருக்கிற தகவலுக்கு அந்தச் சட்டம் செல்லாதுங்க. கிளினிக்குல எங்களையெல்லாம் அதுக்கு வகுப்புக்கே அனுப்பினாங்க."

"தெரிஞ்சேவா அன்னிக்கு சரின்னே?"

"ஒரு வாரம் உங்க கண்ணாடியைத் தேடாம இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு." அவள் கோப்பைகளை அடுக்கினாள். பிறகு அவரைப் பார்க்காமலே சொன்னாள். "சனிக்கிழமையானா நீங்க போயிடுறீங்க. நான் எத்தனையோ வருஷமா மேப்புலதான் பிரிக்பீல்ட்ஸைப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

திருச்செல்வத்துக்கு இதற்குக் கருத்து எதுவும் வரவில்லை. சின்னையா கடை நாற்காலியில் உட்கார்ந்து உலகத்துக்கே கருத்துச் சொன்னவருக்கு இவளையும் ஒரு நாள் கூட்டிப்போகலாம் என்று தோன்றவே இல்லையே. எழுந்து போய், தானே கோப்பைகளைக் கழுவினார்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் சேர்ந்து ரயிலேறினார்கள். லோகேஸ்வரி நல்ல பச்சைச் சேலை கட்டியிருந்தாள். சின்னையா கடையிலிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுவந்து வண்டியருகே போட்டுக் கொடுத்தார். அவளுக்கு ஒரு கிண்ணம் செண்டோல். அவருக்குச் சர்க்கரை இல்லாத பார்லித் தண்ணீர். அவள் கண்ணை மூடிச் சாப்பிடும் அழகைப் பார்க்கப் பார்க்க அவருக்கே தொண்டை குளிர்ந்தது. இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் நினைத்த நேரத்தில் போன் அடித்தது. செராஸ்.

"தம்பி, உன் புள்ளி செண்டோல் வண்டிகிட்ட நிக்குது. மாமாவும் பார்த்துட்டாரு."

"சத்தியமா நான் சாப்பிடலக்கா. இங்க சாப்பிடுறது வந்து..."

லோகேஸ்வரி கரண்டியை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

"அது என் தரவுங்க. என் ஒப்புதல் இல்லாம சொல்லக் கூடாது."