நாற்பத்திரண்டு விநாடிக் கல்யாணம்

‘புது மாடல்’ என்ற இரண்டு வார்த்தைகளைக் கேட்டால் போதும், என் புத்தி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடும். நாற்பதைத் தாண்டிய பிறகு ஓரளவு தேறியிருக்கிறேன் (என் மனைவி இதை ஒப்புக்கொள்ள மாட்டாள்). 2008-இல் எனக்கு இருபத்துநான்கு வயது. புத்தி பெரும்பாலும் வெளியில்தான் இருந்தது.

அப்போது கடலூர் முதுநகரில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். ஸ்டூடியோ என்றால் பத்துக்குப் பத்தில் ஓர் அறை, ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர். கேமராவில் எடுப்பதைவிட அதற்குப் பிறகு செய்கிற மிக்சிங்தான் என் பெருமை. அதாவது, எடுத்ததை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, மாப்பிள்ளை பெண் தலைகளை ஓர் இதயத்துக்குள் அடைத்து, அந்த இதயத்தை ஊட்டி மலைக்கு மேலே பறக்கவிடுவது. ஊட்டியையே பார்க்காத எத்தனையோ ஜோடிகளை நான் பறக்கவிட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் அக்காவுக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அப்பா கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் எழுத்து தப்பினால் முழுத்தாளையும் திரும்ப அடிக்கிற ஆள். அவர் என்னைக் கூப்பிட்டு, “வெளி ஆளு வேணாம், நீயே எடு. கம்ப்யூட்டருக்கு என்னா வேணுமோ வாங்கிக்க. படம் மட்டும் பத்திரமா வரணும்” என்று பணத்தைக் கொடுத்தார்.

வாங்க வேண்டியவை இரண்டு. கம்ப்யூட்டரில் படத்தைத் திரைக்குக் கொண்டுவருகிற பழைய கிராபிக்ஸ் கார்டு புகைந்து போயிருந்தது. யுபிஎஸ் பேட்டரியும் செத்துப் போயிருந்தது. கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் கூடவே போய்விடும்.

எனக்குக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கிறவன் ரமேஷ், பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். அவன் கணக்குத் தெளிவாக இருந்தது. “மச்சான், போன வருஷத்து மாடல் கார்டு வாங்கு. மிச்சத்துல பேட்டரி மாத்திடலாம். புது மாடல் வாங்குனா பேட்டரிக்கு ஒண்ணும் மிஞ்சாது.”

“புது மாடல்ல என்னாடா ஜாஸ்தி?” என்றேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. அவனும் பதில் சொல்லியிருக்கக் கூடாது. தன் கடையில் இருந்த கம்ப்யூட்டரில் ஒரு குளத்தைக் காட்டினான். தண்ணீர் அலையடித்தது. கரையில் இருந்த மரத்தின் நிழல் அந்தத் தண்ணீருக்குள் விழுந்து, நெளிந்து, உடைந்து, மறுபடி சேர்ந்தது. அவ்வளவுதான், என் புத்தி செருப்பை மாட்டிவிட்டது.

வீட்டில் அப்பாவும் அக்காவும் பார்க்க, பெட்டியைப் பிரித்தேன். பெட்டியின் மேல் இரும்புக் கவசம் போட்ட ஒரு பெண் கத்தியோடு முறைத்துக்கொண்டிருந்தாள்.

“இந்தம்மா எதுக்குடா கத்தி வெச்சிருக்கா?” என்றார் அப்பா.

“அது டிசைன்ப்பா. இதுல தண்ணியில நெழல் வுழும்.”

“கல்யாணத்துல தண்ணி எங்கடா வருது?”

நான் சிரித்தேன். டைப்ரைட்டர் காலத்து மனுஷனுக்கு டெக்னாலஜி எப்படிப் புரியும் என்ற சிரிப்பு. (அந்தச் சிரிப்புக்காக என்னையே நான் இன்னும் அறைந்துகொள்ளாதது ஆச்சரியம்தான்.)

“பேட்டரி வாங்கிட்டியா?” என்றார் அடுத்து.

“அடுத்த மாசம் பாத்துக்கலாம்ப்பா.”

“அத மொதல்ல வாங்குடா. கரண்டு இருக்குற லட்சணம் தெரியும்ல?” என்றார். எல்லாம் எனக்குத் தெரியும் என்றேன்.

கல்யாணம் சிதம்பரத்தில் நன்றாகவே நடந்தது. நானும் நன்றாகவே எடுத்தேன், அதுதான் வயிற்றெரிச்சல். தாலி கட்டி முடிந்த பிறகு அப்பா ஒரு தூணோரம் உட்கார்ந்து, மேளத்துக்குத் தப்புத் தப்பாகத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தாளம் போட்டு நான் பார்த்ததே இல்லை. கேமராவை அவர் பக்கம் திருப்பினேன். கவனித்துவிட்டார். வெட்கத்தில் சிரித்துக்கொண்டே, “என்ன ஏண்டா எடுக்குற, பொண்ணப் புடிடா!” என்றார். அந்தச் சிரிப்போடும் அந்தக் குரலோடும் அது அப்படியே பதிவானது.

டேப்பில் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அதே டேப்பை அடுத்த கல்யாணத்துக்குப் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். அடுத்த முகூர்த்தம் மங்கலம்பேட்டையில். மூன்று டேப்பிலும் மங்கலம்பேட்டை ஜோடி என் அக்காவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இனி அக்கா கல்யாணம் இருக்கிற ஒரே இடம் என் ஹார்ட் டிஸ்க்.

நான் மிக்சிங்கை ஆரம்பித்தேனா? இல்லை, டைட்டில் செய்தேன். மூன்று வாரம்! குளம், குளத்தில் தாமரை, தாமரையிலிருந்து இரண்டு இதயங்கள், இரண்டு அன்னங்கள், அன்னங்களின் நிழல் தண்ணீரில். மொத்தம் நாற்பத்திரண்டு விநாடி. அதை ஒரு சிடியில் போட்டுச் சிதம்பரத்துக்கு அனுப்பிவைத்தேன், மாப்பிள்ளை வீட்டார் வாய் பிளக்கட்டும் என்று. பிளந்தார்கள் என்று தகவலும் வந்தது.

முழுப் படமும் தயாரான நாளில் மதியம் பன்னிரண்டு மணிக்கு ரெண்டரிங் போட்டேன், அதாவது வெட்டி ஒட்டியதையெல்லாம் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் ஓடி ஒரே படமாகக் கோக்கிற வேலை. அந்த மாதம் முதுநகருக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு வரை மின்வெட்டு. அது முடிந்த நிமிஷம் ஆரம்பித்த என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். சொல்லிவிட்டுப் போகிற கரண்டைத்தான் கணக்கில் எடுத்திருந்தேன். சொல்லாமல் போகிற கரண்ட் என்று ஒன்று உண்டு என்பதைக் கடலூரிலேயே பிறந்து வளர்ந்த நான் மறந்துபோனேன்.

நான்கு மணிக்குப் போனது. வந்தது. போனது. வந்தது. மூன்றாவது முறை வந்தபோது கம்ப்யூட்டருக்குள்ளிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். ரமேஷ் ஓடிவந்து ஹார்ட் டிஸ்க்கில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “மச்சான், இது போயிடுச்சுடா” என்றான். சென்னைக்குக் கொண்டுபோயும் ஒன்றும் தேறவில்லை.

அதோடு விட்டானா பாவி? “இன்னொண்ணு சொல்லணும்டா. நீ வெச்சிருக்கிற மிக்சிங் சாஃப்ட்வேர் பழசு. அது அந்தக் கார்டத் தொடவே இல்ல. உன் அன்னத்து நெழலு போன வருஷத்து மாடல்லயே வந்துருக்கும்” என்றான். அதாவது, அத்தனை நாளும் கத்திக்காரி உள்ளே ஃபேன் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீடியோ பார்க்கச் சிதம்பரத்தில் சொந்தபந்தமெல்லாம் கூடுவதாக ஏற்பாடு. பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது அப்பாவிடம் சொன்னேன். சிதம்பரம் வரைக்கும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அங்கே இருபது பேர் முறுக்குத் தட்டோடு டிவி முன்னால் காத்திருந்தார்கள். கோழை நான், அங்கிருந்த டைட்டில் சிடியையே போட்டேன். தாமரை விரிந்தது. இதயங்கள் சுற்றின. அன்னங்கள் நீந்தின. திரை நீலமானது.

“எங்க, நாங்கல்லாம் எப்ப வருவோம்?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்பா எழுந்தார். “இனிமே வராதுங்க. கரண்டு போயி எல்லாம் அழிஞ்சிடுச்சு. பேட்டரிக்குத் தனியா பணம் கேட்டான், நான்தான் வேணாம்னுட்டேன். தப்பு என்னோடதுங்க” என்றார்.

சம்பந்தி வீட்டுக் கூடத்தில், இருபது பேருக்கு முன்னால். அவர் சொன்னது பொய் என்று அக்காவுக்குத் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் முறுக்குத் தட்டைப் பார்த்தேன். வாயைத் திறந்து ‘இல்லை, நான்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாவற்றையும்விட அதுதான் இன்னும் கசக்கிறது.

இரண்டு வருஷத்தில் அப்பா போய்விட்டார். ஆல்பத்தில் இருக்கிறார், விறைப்பாக, கோர்ட்டில் நிற்பதுபோல. அவர் நடந்து, சிரித்து, பேசுகிற படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை.

கல்யாண நாள் வந்தால் அக்கா வீட்டுக்காரர் அந்தச் சிடியைப் போடாமல் விடமாட்டார். ஒருமுறை அவர்கள் மகள், நான்கு வயது இருக்கும், “இதுல தாத்தா எங்கப்பா?” என்று கேட்டாள். “எடது பக்கத்து அன்னத்தோட நெழலுக்குள்ள நிக்கிறாரு, உத்துப் பாரு. உங்க மாமன் ஜாஸ்தி காசு குடுத்து வாங்குன நெழலு” என்றார் அவள் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை நிஜமாகவே டிவிக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாள்.

இன்று அவள் கல்லூரியில் படிக்கிறாள். நான் புது போன், புது டிவி என்று வாயெடுத்தாலே, “தண்ணியில நெழல் வுழுமா மாமா?” என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அன்றைக்கு ஒரு பேட்டரி வாங்கியிருந்தால், ‘பொண்ணப் புடிடா’ என்று அப்பா இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்.